கைப்பிடிச்சுவர் இல்லாத வீடு

தியானப் பகுதி: உபாகமம் 22:8, யோவான் 9:1-7, லூக்கா 10:25-37



உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தின் எட்டாம் வசனம் நம்முடைய பிரசங்க பீடங்களில் அதிகமாக ஒலிப்பதில்லை. புது வீடு கட்டுகிறவன் அதன் மாடியைச் சுற்றிலும் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. எழுப்பாமல் விட்டு, மேலிருந்து ஒருவன் விழுந்துபோனால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் சுமரும் என்றும் எச்சரிக்கிறது.

இந்தக் கட்டளை எதைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விழுந்தவன் நீதிமானா, துன்மார்க்கனா என்று அது விசாரிக்கவில்லை. அவன் மதுவெறியில் இருந்தானா, வேண்டாத வேலைக்காக மாடியேறினானா, தன் கவனக்குறைவினால் தவறினானா என்று ஒரு கேள்வியும் இல்லை. சுவர் இருந்ததா என்ற ஒன்றையே அது கேட்கிறது. சுவரைக் கட்டக்கூடியவன் கட்டாமல் இருந்தால், பழி அவனுடையது.

இந்த வாரம் இந்த வசனத்தை நம் கண்முன் வைத்துக்கொண்டு, நம் சபைகள் பேசத் தயங்குகிற ஒரு காரியத்தைப் பேச விரும்புகிறேன். எச்.ஐ.வி. கிருமி பரவாமல் தடுக்கும் பணியில் திருச்சபையின் பங்கு என்ன? வீழ்ந்தவர்களைப் பார்த்துப் பிரசங்கம் செய்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? முடியவில்லை என்பதே என் வாதம். அது மட்டுமல்ல; தடுப்புப் பணியைப் பாவத்துக்குத் துணைபோவதாகச் சொல்லி நாம் விலகி நிற்கும் ஒவ்வொரு நாளும், மற்றவர்கள் அரும்பாடுபட்டு எழுப்பிய கைப்பிடிச்சுவரிலிருந்து ஒரு செங்கலை உருவிக்கொண்டிருக்கிறோம்.

நம் வாசலில் நடப்பது

தூரதேசத்தைப் பற்றி நான் பேசவில்லை. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பெரியபாளையம் சாலை பிரிகிற நம் புதுவாயலில் ஒரு மாலைப்பொழுது நின்று பாருங்கள். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், அதைத் தாண்டி எளாவூர் சோதனைச்சாவடி, அதற்கும் அப்பால் ஆந்திர எல்லை. இரவெல்லாம் லாரிகள் ஓய்வதில்லை. இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் வேலை செய்ய பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். தகரக்கூரையிட்ட வரிசை அறைகளில் நெருக்கமாகப் படுத்து எழுகிறார்கள். மனைவி பிள்ளைகள் இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவில். ஊருக்குப் போவது ஆண்டுக்கு ஒருமுறை. நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மொழியில் அவர்களோடு பேச நமக்கு மனமும் இல்லை.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, எளிதில் பாதிக்கப்படக் கூடியோர் என்று சில பிரிவினரை வரையறுத்திருக்கிறது. பாலியல் தொழிலில் உள்ள பெண்கள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசி வழியாகப் போதைமருந்து ஏற்றிக்கொள்வோர் ஆகியோர் முதல் வரிசையில் இருக்கிறார்கள். நெடுந்தூர லாரி ஓட்டுநர்களும் புலம்பெயர் தொழிலாளர்களும் அடுத்த வரிசையில் வருகிறார்கள். இந்த இரண்டாம் வரிசையினரைப் பாலம் என்று வர்ணிக்கிறார்கள். கிருமி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, ஒரு நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து ஏதுமறியாத ஒரு மனைவியின் படுக்கைக்குக் கடந்துசெல்லும் பாலம். அந்தப் பாலம் நம் ஆலயத்தின் கதவுக்கு வெளியே போடப்பட்டிருக்கிறது.

வடமாநிலத்தார் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று இதை யாரும் திரிக்கவேண்டாம். கிருமிக்குச் சொந்த மாநிலம் கிடையாது. குடும்பத்தை விட்டுப் பிரிந்த தனிமை, கையில் கொஞ்சம் கூலி, விசாரிக்க ஒருவருமில்லாத நிலை, மருத்துவரிடம் சொல்லத் தெரியாத மொழி ஆகிய இவை சேர்ந்த இடத்தில் எந்த ஊர் மனிதனும் ஆபத்தில்தான் இருக்கிறான். நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போய் வாழும் நிலையும் இதுவே.

இங்கிருந்து தெற்கே போனால் வடசென்னை. வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகளை அண்மை ஆண்டுகளில் அடிக்கடி வாசிக்கிறோம். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது, கிருமி நேராக இரத்தத்துக்குள் இறங்கிவிடுகிறது. நான் எழுதுவது நாளைக்கு வரப்போகும் ஆபத்தைப் பற்றி அன்று. அது வந்து நெடுநாளாகிறது.

"நம் பண்பாடே நமக்குக் காவல்"

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாயிருந்த செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பாலியல் தொழில் தொடர்பாகப் பிடிக்கப்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தம் அது. சேமித்து வைக்க வசதியில்லாமல் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே அவற்றை வைத்திருந்து, இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுசென்றார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது.

அதற்கு முன்பு படித்தவர்கள் பலர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? இது ஒழுக்கங்கெட்ட மேலைநாட்டாரின் நோய். குடும்பநெறி தவறாத நம் நாட்டுக்கு வராது. நம் பண்பாடே நமக்குக் காவல் என்றார்கள். ஆறு இரத்த மாதிரிகள் அந்தப் பெருமையை உடைத்தன. அந்த உண்மையை முதலில் கண்டது ஒரு கிறிஸ்தவ மருத்துவமனையின் ஆய்வுக்கூடம் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். ஆனால் அன்று பண்பாட்டின் பேரால் சொல்லப்பட்ட அதே வாதத்தை, இன்று விசுவாசத்தின் பேரால் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதைக் கண்டு வெட்கப்படவும் வேண்டும். "நம் சபைப் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்கிறோம்.

மிசோரமைப் பாருங்கள். மக்களில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைவீதிகள் மூடிக்கிடக்க, ஆலயங்கள் நிரம்பி வழியும் மாநிலம். இந்தியாவில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் ஏறத்தாழ 0.2 விழுக்காடு. மிசோரமில் அது இரண்டரை விழுக்காட்டுக்கும் மேல். நாட்டிலேயே மிக அதிகம். அடுத்த இடத்தில் நாகாலாந்து. அந்தச் சபைகளைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களுடைய ஜெபத்தில் நம்முடையதைவிட வல்லமை குறைவு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? பர்மா எல்லை வழியாக வந்த போதைப்பொருளும் பகிர்ந்துகொண்ட ஊசிகளும் அங்கே செய்த வேலை அது. ஆலயத்துக்குப் போவது தடுப்பூசி ஆகாது. இதை நமக்கு ஒருவர் சொல்லவேண்டியிருக்கிறது என்பதே வருத்தம்.

பூட்டிவைத்தவர்கள் கண்ட பலன்

நோய் வெளிப்பட்ட முதல் ஆண்டுகளில் அதிகாரத்திலிருந்தவர்களுக்குத் தோன்றிய வழி பூட்டும் சாவியுமே. கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்கள், தண்டனைக்காலம் முடிந்த பிறகும் தமிழகத்துக் காப்பகங்களில் அடைத்துவைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர்நீதிமன்றம் சென்று வாதாடிய பிறகே அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். கோவாவில் 1989-ஆம் ஆண்டு டொமினிக் டிசோசா என்ற கிறிஸ்தவ இளைஞர், தாமாக முன்வந்து இரத்ததானம் செய்ததன் மூலம் கிருமி இருப்பது தெரியவர, கைவிடப்பட்ட ஒரு காசநோய் மருத்துவமனையில் 64 நாள்கள் காவலில் வைக்கப்பட்டார்.

இதனால் கிருமி அடங்கியதா? இல்லை. சோதனைக்கு வந்தால் சிறை என்று அறிந்தவன் சோதனைக்கு வரமாட்டான். சோதனைக்கு வராதவனுக்குத் தன் நிலை தெரியாது. தெரியாதவனே அதிகமாகப் பரப்புகிறான். அவமானம் கிருமிக்கு வைத்த வேலி என்று நினைத்தோம். அது கிருமிக்கு வைத்த உரமாயிற்று.

பிறகு தமிழகம் வழியை மாற்றிக்கொண்டது. 1994-ஆம் ஆண்டு, நாட்டிலேயே முதலாவதாக, தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அடையாறு வி.எச்.எஸ். நிறுவனத்தின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் லாரி ஓட்டுநர்களையும் பாலியல் தொழிலாளர்களையும் அவர்கள் நிற்கும் இடத்துக்கே தேடிப்போனது. பாலியல் தொழிலிலிருந்த பெண்களே தங்கள் தோழிகளுக்கு அறிவுரை சொல்லப் பயிற்சி பெற்றார்கள். நெடுஞ்சாலைத் தேநீர்க்கடைகளில் ஆணுறை கிடைத்தது. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவரெல்லாம் கேட்ட அந்த விளம்பரத்தை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். சிலர் முகம் சுளித்தார்கள்; ஆனால் வாய்திறந்து பேச முடியாத ஒரு சொல்லைத் தமிழ்நாடு முழுவதும் பேசத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் இரகசியம் காத்து, ஆலோசனை தந்து, இலவசமாகச் சோதனை செய்யும் மையங்கள் திறக்கப்பட்டன. அவற்றுக்கு இட்ட பெயர் "நம்பிக்கை மையம்". விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பவுல் அடுக்கிய மூன்றில் நடுவிலுள்ளதை அரசாங்கம் எடுத்துத் தன் கதவில் எழுதிவைத்தது. நாம் நம் கதவில் என்ன எழுதிவைத்திருக்கிறோம்?

பலன் என்ன? இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகக் கர்ப்பிணிகளிடையே நூற்றுக்கு ஒருவரைத் தாண்டியிருந்த பரவல், இன்று ஆயிரத்தில் ஏறத்தாழ இருவர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. தாய்லாந்து 1991-ஆம் ஆண்டு பாலியல் விடுதிகள் அனைத்திலும் ஆணுறையைக் கட்டாயமாக்கியபோதும் புதிய தொற்றுகள் செங்குத்தாகச் சரிந்தன. கொல்கத்தா சோனாகாச்சியில் 1992-இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய பணியும் இதே உண்மையைக் காட்டியது. விலக்கப்பட்டவர்களிடம் மரியாதையோடு போனவர்கள் கிருமியைத் தடுத்தார்கள். விலக்கிவைத்தவர்கள் தடுக்கவில்லை.

மூன்று ஆட்சேபணைகள்

இதைச் சொன்னதும் சபைகளில் எழும் ஆட்சேபணைகளை நான் அறிவேன். அவற்றை நேர்மையாக எதிர்கொள்வோம்.

முதலாவது: இது பாவத்தின் சம்பளம், விதைத்ததை அறுக்கிறார்கள்.

பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட கேள்வி இதுவே. பாவஞ்செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. குனிந்து மண்ணில் சேறுண்டாக்கி, அவன் கண்களில் பூசினார். நாம் இன்னும் சீஷர்களின் கேள்வியிலேயே நிற்கிறோம். நம் நாட்டில் எச்.ஐ.வி. தொற்றிய பெண்களில் பெரும்பாலோர் தம் கணவனைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள். தாலி கட்டிய நாளிலிருந்து உண்மையாயிருந்தவள் எதை விதைத்தாள்? தாயின் வயிற்றிலிருந்த சிசு எதை விதைத்தது? சிகிச்சை இல்லாவிட்டால் நூறு பிள்ளைகளில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேருக்குத் தாயிடமிருந்து தொற்றக்கூடும்; தாய்க்கு உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே குறைத்துவிடலாம். அந்தத் தாய் வெட்கத்தினால் சோதனைக்குப் போகாதிருந்தால், அந்த வெட்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?

பாலியல் தொழிலில் இருக்கிறவளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எரிகோவில் இஸ்ரவேலின் வேவுகாரரைக் காப்பாற்றிய ராகாபின் பெயர் நம் ஆண்டவருடைய வம்சவரலாற்றில் இருக்கிறது. அவள் வாழ்வு மாறவேண்டும் என்று ஜெபிக்கிற நாம், அந்த நாள் வரும்வரை அவள் உயிரோடிருக்கவேண்டும் என்றும் விரும்பவேண்டாமா? செத்துப்போனவள் மனந்திரும்புவதில்லை.

இரண்டாவது: ஆணுறை கொடுப்பதும் புது ஊசி கொடுப்பதும் பாவத்துக்கு உரிமம் கொடுப்பதாகும்.

பரிசுத்தமான வாழ்வும் தாம்பத்திய உண்மையும் மேலான வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதையே பிரசங்கிக்கிறேன், இனிமேலும் பிரசங்கிப்பேன். ஆனால் அந்தப் பிரசங்கம் எட்டாத இடங்கள் உண்டு. குடித்துவிட்டு வரும் கணவனை மறுக்க முடியாத மனைவிக்கு உங்கள் பிரசங்கம் என்ன பாதுகாப்பு? பசிக்காகத் தன்னை விற்கிறவளுக்கு என்ன பாதுகாப்பு?

நம் ஊர் தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள். உருகிய இரும்பு ஓடும் உலையைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கிறது. தலைக்கவசம், கையுறை, கண்ணாடி கொடுக்கிறார்கள். நுழைவாயிலில் பாதுகாப்பே முதன்மை என்று பலகை வைக்கிறார்கள். தடுப்பு வைத்ததனால் தொழிலாளி துணிந்து உலையில் குதிப்பான் என்று எந்த மேலாளரும் வாதிட்டதில்லை. மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொன்ன தேவன் மாடியிலிருந்து குதிக்க உரிமம் கொடுத்தார் என்று எந்த வேதபண்டிதரும் வியாக்கியானம் செய்ததில்லை. உலைக்கும் மாடிக்கும் பொருந்துகிற நியாயம் மனித உடலுக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது?

தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் நம் கும்மிடிப்பூண்டியைப் போன்ற ஊர். பிளாட்டினச் சுரங்கங்களில் வேலை செய்யக் குடும்பத்தை விட்டு வந்த ஆண்கள், சுரங்கத்தைச் சுற்றிய தகரக் குடிசைகளில் உடலை விற்று வயிறு கழுவும் பெண்கள். அங்கே கத்தோலிக்க ஆயராயிருந்த கெவின் டவ்லிங் அந்தக் குடிசைகளுக்குள் போய், சாகக் கிடந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தவர். ஆணுறையை உயிர் பிறப்பதைத் தடுக்கும் கருவியாக மட்டும் பார்க்கக்கூடாது. மரணம் கடத்தப்படுவதைத் தடுக்கும் கருவியாகப் பார்க்கவேண்டும் என்று அவர் தம் சபையின் போதனைக்கு எதிரே நின்று வாதாடினார். 2001-ஆம் ஆண்டு அவருடைய உடன் ஆயர்களே அதை ஏற்க மறுத்தார்கள். அவர் வாய்மூடவில்லை. மேடையிலிருந்து பார்த்தவர்களுக்கும் குடிசையிலிருந்து பார்த்தவருக்கும் இருந்த வேறுபாடு அது.

நம் நாட்டின் உச்சநீதிமன்றமும் 2022-ஆம் ஆண்டு மே மாதம், பாலியல் தொழிலாளர்கள் தற்காப்புக்காக ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்ற பரிந்துரையைப் பின்பற்றச் சொல்லியது. நீதிமன்றம் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது. கிருபையைப் பிரசங்கிக்கிற நாம் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறோம்?

மூன்றாவது: ஜெபித்தால் போதும், கர்த்தர் சுகமாக்குவார், மாத்திரை விசுவாசக்குறைவு.

அன்பானவர்களே, இந்த உபதேசம் ஆளைக் கொல்லும். தணிந்த சொல் எதையும் இதற்கு நான் தேடப்போவதில்லை. சுகமளிக்கும் கூட்டங்களில் கைவைத்து ஜெபித்து, இனி மருந்து தேவையில்லை என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. கூட்டு மருந்தை நிறுத்தினால், உடலில் அடங்கிக் கிடந்த கிருமி சில வாரங்களில் மீண்டும் பெருகுகிறது. மருந்துக்கு அடங்காத வடிவம் எடுக்கவும் கூடும். அடங்கியிருந்தவரை பிறருக்குத் தொற்றாதிருந்தது, இப்போது தொற்றத் தொடங்குகிறது. ஆக, ஒரு பொய்ச்சாட்சி இரண்டு உயிர்களைத் தொடுகிறது: சாட்சி சொன்னவரையும் அவருடைய துணையையும்.

மருந்து எப்படிக் கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள். 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, நாட்டில் எட்டு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்பட்டது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றில் ஒன்று. 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த உடனேயே எல்லாருக்கும் சிகிச்சை தொடங்கும் கொள்கை வந்தது. நாள்தோறும் தவறாமல் மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை என்பதை மருத்துவ உலகம் உறுதிசெய்திருக்கிறது. அவர் திருமணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், முதுமை காணலாம். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். தீர்க்கதரிசிக்கு விசுவாசக்குறைவு என்று யாராவது சொல்லத் துணிவோமா? இந்த மாத்திரை நம் காலத்து அத்திப்பழ அடை. ஜெபியுங்கள், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள்.

சான்றிதழ் என்னும் மாயை

சில சபைகளில் திருமண அறிவிப்புக்கு முன் எச்.ஐ.வி. சோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். பெண்பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நல்லெண்ணத்தோடேயே கேட்கிறார்கள். ஆனால் தொற்று ஏற்பட்ட முதல் வாரங்களில், சில சோதனைகளில் மூன்று மாதம் வரையிலும்கூட, கிருமி வெளிப்படாமல் போகலாம். அந்தத் தாள் திருமணத்துக்கு முந்திய ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறது; பிந்திய முப்பது ஆண்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதோடு, முடிவு போதகரின் மேசைக்கு வந்து, மூப்பரின் காதுக்குப் போய், ஊருக்குத் தெரிந்து, ஒரு குடும்பம் தலைகுனிந்து வெளியேறுவதற்கும் வழி உண்டாகிறது.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவருடைய தெளிந்த சம்மதமின்றிச் சோதனை செய்வதையும் அவருடைய நிலையை வெளிப்படுத்தச் சொல்லி வற்புறுத்துவதையும் தடுக்கிறது. வேலை, கல்வி, மருத்துவம், குடியிருப்பு எதிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும் புகார்களை விசாரிக்க ஓர் அலுவலரை நியமிக்கவேண்டும் என்கிறது. நம் சபையில் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறீர்களே, உங்கள் இடத்தில் அந்த அலுவலர் யார் என்று ஒரு தொழிலாளிக்காவது தெரியுமா?

சான்றிதழ் கேட்பதற்குப் பதிலாக மணமக்கள் இருவரையும் உட்காரவைத்து, இந்த நோய் எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுக்கலாம் என்று மறைக்காமல் கற்றுக்கொடுங்கள். தாமாகச் சென்று சேர்ந்து சோதித்துக்கொள்ள உற்சாகப்படுத்துங்கள். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும்.

நாம் செய்யவேண்டியது

உகாண்டாவில் ஆங்கிலிக்கன் குருவானவர் கிடியன் பியாமுகிஷா 1992-ஆம் ஆண்டு தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். ஆப்பிரிக்காவில் அப்படி அறிவித்த முதல் மதத்தலைவர் அவரே. அவருடைய சபை அவரைத் தள்ளிவிடவில்லை. ஊழியம் செய்ய வைத்தது. எத்தனையோ பேர் அதன்பின் சோதனைக்கும் சிகிச்சைக்கும் முன்வரத் துணிந்தார்கள். நம் சபைகளில் அப்படி ஒரு போதகர் எழுந்து சொன்னால், அடுத்த ஞாயிறு அவருக்குப் பிரசங்க பீடம் இருக்குமா? நற்கருணைப் பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்குவோமா? இந்தக் கேள்விக்கு உங்கள் இருதயம் சொல்லும் பதிலே நம் சபையின் நிலை.

எனவே, இந்தப் பகுதியின் சபைகளுக்குச் சில விண்ணப்பங்கள்.

சபை அறிவிப்புப் பலகையில் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை எழுதிவையுங்கள். இரகசியமாக ஆலோசனை தரும் தேசிய உதவி எண் அது. தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதுங்கள்.

டிசம்பர் முதல் தேதி உலக எய்ட்ஸ் தினம். அதை ஒட்டிய ஞாயிறு அன்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மைய ஆலோசகரை அழைத்து, வாலிபர் கூட்டத்திலும் பெண்கள் ஐக்கியத்திலும் பேசச் செய்யுங்கள். கேள்விகளைப் பெயரில்லாத தாளில் வாங்குங்கள். கேட்கமாட்டார்கள் என்று நினைத்த கேள்விகள் எல்லாம் வரும்.

சாட்சி சொல்ல மேடையேறுகிற ஒருவரிடமும் மருந்தை நிறுத்தியதைப் புகழாதிருங்கள். மருத்துவரின் சோதனை இல்லாமல் சுகம் என்று அறிவிக்கப்படும் எதையும் நம் மேடையில் அனுமதிக்கவேண்டாம்.

திருநங்கை ஒருவர் ஆலயத்துக்குள் வந்தால் பின்வரிசையில் இடம் காட்டாதீர்கள். போதைக்கு அடிமையான பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தும் பெற்றோரிடம் போய்ப் பேசுங்கள். துரத்தப்பட்டவன் போய்ச்சேரும் இடத்தில் ஊசி ஒன்றுதான் இருக்கும்.

எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன ஆசாரியனும் லேவியனும் கெட்டவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தீட்டைப் பற்றிய பயம் இருந்தது. ஒழுங்கானவர்கள், ஆலயப்பணியைத் தவறாதவர்கள். ஆனாலும் அயலானாயிருந்தவன் நின்று காயம் கட்டிய சமாரியனே. நம் வழி இந்த நெடுஞ்சாலை. இதிலும் விழுந்துகிடக்கிறவர்கள் உண்டு. இன்னும் விழாமல் விளிம்பில் நிற்கிறவர்கள் அவர்களைவிட மிகுதி. விழுந்தவனுக்குச் சத்திரம் வேண்டும். விளிம்பில் நிற்கிறவனுக்குச் சுவர் வேண்டும். சுவர் எழுப்பச் செங்கலும் சாந்தும் கையில் வைத்துக்கொண்டு, அவன் எதற்காக மாடியேறினான் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருப்போமானால், நாளை இரத்தப்பழியைக் குறித்து வீட்டுக்காரனிடம் கேட்கப்படும்போது நமக்குச் சொல்ல ஒரு பதிலும் இராது.

ஜெபம்: குஷ்டரோகியைக் கைநீட்டித் தொட்ட ஆண்டவரே, தொடப் பயப்படுகிற எங்கள் கைகளை மாற்றும். எங்கள் வாசலைக் கடந்துபோகும் ஓட்டுநரையும், தகரக்கூரையின்கீழ் உறங்கும் அயலூர் சகோதரனையும், இருளில் நிற்கும் சகோதரியையும் நாங்கள் கணக்குக் கொடுக்கவேண்டியவர்களாகக் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு மௌனமாய்ப் போராடுகிற எங்கள் உடன்விசுவாசிகளைப் பெலப்படுத்தும். சுவர் எழுப்புகிற ஜனமாக எங்களை ஆக்கும். ஆமென்.